எலுமிச்சம்பழத்தில் ஒரு கோடு

கத்தியை ஸ்டேஷன் ரைட்டர் என் கையில் கொடுக்கவில்லை. மேஜைமேல் விரித்திருந்த பழைய செய்தித்தாளில் வைத்துவிட்டு, "எடுத்துப் பாருங்கம்மா. கைக்குக் கை குடுக்கக்கூடாது, சண்டை வரும்னு எங்க வீட்ல சொல்லுவாங்க" என்றார். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு சண்டைக்குப் பயப்படுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மடக்குக் கத்தி. எருமைக் கொம்பில் பிடி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். மார்கழியில் கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில் இறந்து கிடந்த ஒரு சாமியாரின் இடுப்புத் துணியில் முடிந்திருந்ததாம். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. கண்டெடுத்தபோதே சில நாள் ஆகியிருந்தது. போட்டோவில் தாடியைத் தவிர அடையாளம் சொல்ல ஒன்றும் இல்லை. உரிமை கோர ஆள் வராததால் அடக்கமும் செய்துவிட்டார்கள். வயது ஐம்பதுக்குள் இருக்கலாம் என்றார்.

என் அண்ணன் ஏழுமலைக்கும் ஐம்பதுக்குள்தான் இருக்கும், இருந்தால்.

அண்ணன் வீட்டைவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அப்போது கொடுத்த புகாரில், "கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி கையில் இருக்கும்" என்று அம்மா சொல்லிச் சொல்லி எழுத வைத்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் ரைட்டர் அண்ணிக்குப் போன் செய்திருக்கிறார். அண்ணி என்னைக் கூப்பிட்டு, "மெஸ்ஸுல ஆள் கம்மி, சுமதி. நீ போய்ப் பாத்துட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டாள். புருஷனா இல்லையா என்று பார்க்க நாத்தனாரை அனுப்புகிறாளே, இவள் நெஞ்சு என்ன கல்லா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"இது உங்க அண்ணனோடதானா?" என்றார் ரைட்டர்.

ஆமாம் என்றால் அண்ணியின் கழுத்தில் இருக்கும் தாலி இறங்கும். இல்லை என்றால், என் அண்ணனாகவே இருந்தாலும், ஒரு மனிதன் பேரில்லாமல் மண்ணுக்குள் கிடப்பான். மோட்டு வளையைப் பார்த்தேன். கத்தியைப் பார்த்தேன். நான் நினைத்து வைத்திருந்ததைவிட அது சின்னதாக இருந்தது.

கைப்பையில் கத்தி ஏன்?

என் வேங்கிக்கால் ஆபீஸைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கைப்பையிலிருந்து கத்தி எடுத்து எல்லாருக்கும் கொய்யா அரிந்து கொடுப்பதைப் பற்றி ஒரு வரி வந்தது. பெண் பிள்ளை கைப்பையில் கத்தி எதற்கு என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். ஆபீஸிலும் கேட்பார்கள். "சம்பளக் கமிஷன்காரங்களைக் குத்தவா மேடம்?" என்று கிண்டல் செய்வார்கள். கொய்யாவுக்கு என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். கொய்யாவுக்கு இல்லை.

அதைச் சொல்ல அண்ணனின் கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் பக்கம் நலங்கு வைத்த கையோடு மாப்பிள்ளையிடம் ஒரு கத்தியைக் கொடுப்பார்கள். அதன் நுனியில் ஒரு எலுமிச்சம்பழம் குத்தியிருக்கும். தாலி கட்டி முடிகிறவரை அது கையைவிட்டு இறங்கக்கூடாது. புது மாப்பிள்ளைமேல் காத்து கருப்புக்கு ஆசை ஜாஸ்தி, இரும்பும் எலுமிச்சையும் இருந்தால் கிட்டே வராது என்பார்கள். சாப்பிடும்போதும் இடது கையில் கத்தி, தூங்கும்போதும் கத்தி. பாத்ரூமுக்குள் எடுத்துப் போகவும் மறப்பதில்லை. இன்னொரு விதியும் உண்டு. தாலி ஏறும்வரை அந்தக் கத்தி எதையும் வெட்டக்கூடாது.

கீழ்பென்னாத்தூர் மண்டபத்தில் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சீரியல் லைட் அணைந்துவிட்டது. எலக்ட்ரீஷியனைக் காணோம். என் அண்ணனுக்கு ஒயர் ஒன்று தொங்கினால் கை சும்மா இருக்காது. பழத்தை உருவிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, கத்தியால் ஒயரை அறுத்து முறுக்கினான். லைட் எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். கத்தி அலகில் சில்லு பெயர்ந்து ஒரு பல் விழுந்திருந்தது.

பெரியம்மா அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லாமல் பழத்தை எடுத்து மறுபடி நுனியில் குத்தினாள். அவள் வாயடைத்து நின்றதை அன்றுதான் கண்டேன். பயம் எனக்கு அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் தாலி கட்டியதும் கத்தியை வாங்கிக்கொள்வது மாப்பிள்ளையின் தங்கை வேலை, எங்கள் வீட்டு வழக்கத்தில். நான் அப்போது பத்தாவது படித்தேன். அண்ணன் அதைத் தட்டில் வைத்தான், நான் எடுத்தேன். பிடி அவன் வியர்வையில் வழவழவென்று சூடாக இருந்தது. என் கை முழுக்க நிறைந்து, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பழத்தை உருவி மடக்கினேன். டொக் என்று சத்தம் வந்தது. மண்டபத்தில் நாதஸ்வரம், மேளம், ஸ்பீக்கர் எல்லாம் இருந்தும் அந்த டொக் மட்டும் தனியாகக் கேட்டது.

குனிந்து நடக்கிறவள்

அண்ணன் வேன் ஓட்டினான். அமாவாசைக்கு அமாவாசை அந்தக் கத்தியாலேயே பழம் வெட்டி வேனைச் சுற்றிப் போடுவான். நான் கல்யாணத்துக்குப் பிறகு அதைத் தொட்டதே இல்லை, பயம். பல் விழுந்த இடம் பழத்தின் வெட்டுப்பக்கத்தில் ஒரு கோடு போடும். மயிரிழை மாதிரி மெல்லிய வரம்பு, நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, சாய்வாக. எங்கள் வீட்டில் எலுமிச்சை சாதம் செய்தாலும் பழத்தில் அந்தக் கோடு இருக்கும். நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை, அவன் போகும்வரை.

ஒரு விடிகாலை வேனைச் சாவியோடு நிறுத்திவிட்டுப் போனான். அதற்குச் சில மாதம் முன்பிருந்தே தினமும் மலை சுற்றிக்கொண்டிருந்தான். சண்டை இல்லை, கடன் இல்லை. குழந்தை இல்லை என்ற குறை இருந்தது. அதற்காக யாரும் அவனை ஒரு சொல் சொன்னதில்லை.

வீடு முழுக்கத் தேடினோம். செருப்பு இருந்தது, போன் இருந்தது. கத்தி இல்லை. அம்மாவுக்கு அது போதும். "சாவப்போறவன் கத்தி எடுத்துக்கினு போவானா? பழம் அரிஞ்சு துன்னத்தான் எடுத்துக்கினு போயிருக்கான். இருக்கறான்டி எம்புள்ள" என்றாள். அதையே சொல்லிச் சொல்லிப் பச்சைத் தண்ணியில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சோறு இறங்கவில்லை.

நான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுகிறவள். எல்லாரும் மலையைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். நான் தரையைப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் ஊர்த் தரையில் எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சமா? வண்டிச் சக்கரத்தில் நசுங்கியது, சூலத்தில் செருகியது, முச்சந்தியில் குங்குமம் அப்பிக் கிடப்பது. ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடந்தேன்.

ஒரு பௌர்ணமியன்று ஆதி அண்ணாமலையைத் தாண்டி, ஒரு தட்டைக் கல்லின்மேல் அரைப் பழம் இருந்தது. குங்குமம் இல்லை. வெட்டுப்பக்கம் மேலே பார்த்தபடி, யாருக்கோ எடுத்து வைத்தது மாதிரி சுத்தமாக இருந்தது. அதில் அந்தக் கோடு.

வெட்டிப் போட்ட பழத்தைத் தாண்டவே கூடாது என்று வளர்ந்தவள் நான். அதைக் கையில் எடுத்தேன். சுற்றிலும் ஆயிரம் பேர் நடந்துகொண்டிருந்தார்கள், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்லத் தோன்றியது. ஓரமாகக் காவி கட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லை. விரல்களைப் பார்த்தேன்.

பழத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். மோந்து பார்த்தாள். அன்றைக்குச் சோறு சாப்பிட்டாள்.

அப்புறம் எப்போதாவது ஒன்று கிடைக்கும். சில மாதம் விட்டு, மறுபடி ஒன்று. எப்போதும் குங்குமம் இல்லாமல், எப்போதும் கல்லின்மேல், எப்போதும் நான் நடக்கிற ஓரத்தில். கோடு கத்தியுடையதா, பழத்துக்குள்ளேயே அப்படி ஒரு நரம்பு ஓடுகிறதா என்று சந்தேகம் வந்துவிடும். அங்கேயே அதை இன்னொரு தடவை என் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்ப்பேன். என் வெட்டு வழவழவென்று இருக்கும். கைப்பையில் கத்தி வந்தது இப்படித்தான், வாசகி அவர்களே.

நடுவாந்திரம்

ஸ்டேஷனுக்கு வருவோம். அந்தச் சாமியாரின் கத்தியில் பல் விழுந்த இடம் இருக்கிறதா என்று முதலில் தடவினேன். இல்லை. ஆனால் அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. வருஷக்கணக்காகக் கல்லில் தீட்டித் தீட்டி மெலிந்த அலகில் பழைய பல் எப்படி மிஞ்சும்? கண்ணுக்கு இனி அங்கே வேலை இல்லை. கைக்குத்தான்.

"ஒரு நாள் டைம் குடுங்க சார்" என்றேன். கத்தியை வெளியே கொடுக்க முடியாது என்றார். என் கையைப் பக்கத்தில் வைத்து நீளத்தைப் பார்த்துக்கொண்டேன். நாலு விரல் அகலத்துக்குமேல் கொஞ்சம்.

நேராகத் தேரடித் தெருவுக்குப் போனேன். அங்கே பித்தளைச் சாமானுக்கு நடுவே கத்தியும் விற்கிற ஒரு கடை உண்டு. "மடக்குக் கத்தி எல்லா சைஸும் காட்டுங்க" என்றேன். கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்தார்.

முதலில் பேனாக்கத்தி. சுண்டுவிரல் நீளம், முத்துச்சிப்பி மாதிரிப் பளபளக்கும் பிடி. முதுகில் வில் இருப்பதால் நகத்தை வைத்து இழுத்தால் விறைப்பாகத் திறக்கும். கையில் இருப்பதே தெரியாது. இது இல்லை.

அடுத்தது, மூக்கு வளைந்த பெரிய மடக்கு. வாழை இலை அறுக்கிறவர்கள் வைத்திருப்பது. வேப்பமரப் பிடி உள்ளங்கையைத் தாண்டி மணிக்கட்டு வரை வருகிறது. கனம் எல்லாம் மூக்கில். இதுவும் இல்லை. லாட்ஜ் ரூமில் வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போகிற கத்திகளும் அந்த டப்பாவில் இருந்தன. ஒன்றின் கழுத்தில் வளையம், திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். இன்னொன்றில் திருப்புளி, கத்தரி, பல்குச்சிவரை அடக்கம். அது கத்தியா, மளிகைக் கடையா என்று தெரியவில்லை. கைக்குள் வைத்தால் எல்லாப் பக்கமும் குத்தியது.

கடைசியாகக் கொம்புப் பிடி. சின்னது, நடுவாந்திரம், பெரிசு என்று மூன்று அளவு. மூன்றிலும் வில் கிடையாது. பித்தளை ஆணியின் இறுக்கம் ஒன்றுதான் அலகை நிறுத்துகிறது, பெருவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும். பெரிசைக் கையில் எடுத்தேன். மண்டபத்தில் இருந்த மாதிரியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் கத்தி இந்த அளவுதான், ஸ்டேஷனில் இருப்பது நடுவாந்திரம், ஆகவே அது அவன் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

அந்த மூச்சு வெளியே போவதற்குள் இன்னொன்று உறைத்தது. மண்டபத்தில் கத்தியைப் பிடித்த கை இந்தக் கை இல்லை. பத்தாவது படித்த கை.

நடுவாந்திரத்தை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். நீளத்தை விட்டுவிட்டு, ஆட்காட்டி விரல் போய் உட்கார்கிற இடத்தை நினைத்துப் பார்த்தேன். பூண் முடிந்து கொம்பு தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் படி இருந்தது. விரல் தானாகப் போய் அதில் நின்றது. மடக்கினேன். டொக்.

கடைக்காரர், "என்னாம்மா, உடம்பு சரியில்லையா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பெயரில்லாமல் புதைத்திருப்பது என் அண்ணனைத்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்ற பயம்தான் வந்தது.

அரிசி டிரம்

அண்ணி கிரிவலப் பாதையில் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறாள். அதற்குப் பின்னாலேயே ஒரு ரூம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் போனபோது மத்தியானப் பந்தி முடிந்து, ராத்திரிக்கு உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலை அடைத்துக்கொண்டு மலை நின்றது. அந்த ரூமில் எங்கே உட்கார்ந்தாலும் அது நம்மைப் பார்க்கும்.

"பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன் அண்ணி. கத்தி அதேதான். அளவும் அதே. கடையில அந்த அளவை மடக்கிப் பாத்தேன், சத்தமும் அதே." கடையில் வராத அழுகை அப்போது வந்தது. "அண்ணன்தான் போலருக்கு."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டாள். "அது அவரு இல்ல, சுமதி. அழாத" என்றாள்.

மூலையில் இருந்த அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தாள். மஞ்சள் போன பழைய கல்யாணத் துணி. முடிச்சை அவிழ்த்துக் கீழே வைத்தாள். எடுத்தேன்.

கொம்புப் பிடி. நடுவாந்திரம். பூண் ஓரத்தில், ஒயரை அறுத்தபோது பட்ட கறுப்பு.

"தலகாணிக்கடியில வெச்சுட்டுப் போயிட்டாரு. என் தலகாணிக்கடியில" என்றாள் அண்ணி. "எழுந்து பாத்ததும் எடுத்து ஒளிச்சிட்டேன். அத்தை என்ன சொன்னாங்கன்னு உனக்கே தெரியும். சாவப்போறவன் கத்தி எடுத்துக்கினு போவானான்னு. அவரு எடுத்துக்கினு போவலன்னு தெரிஞ்சா அத்தை அன்னிக்கே போயிருப்பாங்க."

"அப்போ அந்தப் பழமெல்லாம்?"

"நான்தான். நீ குனிஞ்சுக்கினே வருவ. நீ வர்ற ஓரம் எனக்குத் தெரியும். முன்னாடி போய் வெச்சுட்டு வந்துடுவேன். அத்தை சோறு துன்னணுமே."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்கிறாள். காவி கட்டிய ஒவ்வொருவன் விரலையும் பார்த்துப் பார்த்து நான் நடுங்கியது இவளுக்குத் தெரியாதா? அந்தக் கோபம் நிலைக்கவில்லை. எங்களுக்கெல்லாம் அவன் உயிரோடு இருந்தான். இவளுக்கு மட்டும் கத்தியை வைத்துவிட்டுப் போனவனாகவே இருந்தான், முதல் நாளிலிருந்து. அவளை நெஞ்சு கல் என்று நினைத்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அத்தை போன அன்னிக்கு டிரம்முல போட்டது. அதுக்கப்புறம் தொடல" என்றாள்.

அம்மா கொரோனாவுக்கு அடுத்த வருஷம் போனாள். நான் கத்தியைத் திறக்கப் பார்த்தேன். நகம் வைத்து இழுத்தேன், புடவைத் தலைப்பைச் சுற்றி இழுத்தேன். அசையவில்லை. துருவேறி அலகும் பிடியும் ஒன்றாகிவிட்டிருந்தன. அதைத் திறந்து சில வருஷமாவது இருக்கும்.

அப்படியென்றால் நான் கடைசியாகப் பார்த்த பழத்தை வெட்டியது எந்தக் கத்தி?

போன ஐப்பசிப் பௌர்ணமி. வாயு லிங்கம் தாண்டி, புளியமரத்தடியில், ஒரு கல்லின்மேல் அரைப் பழம். குங்குமம் இல்லை. சாய்வாக ஒரு கோடு. கொடுக்க அம்மா இல்லையே என்று நான் எடுக்காமல் வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவும் இல்லை.

சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தேன். முடிந்துபோனது என்று தாங்கி நிற்கிற மனுஷியைக் கிளறிவிடுவதா? ஆனால் அவள் என்னிடம் ஒளித்து வைத்தது போதும், நானும் அவளிடம் ஒளிக்க வேண்டாம் என்று தோன்றியது. சொன்னேன்.

உளுந்து ஊறுகிற பாத்திரத்தில் ஒரு குமிழி வந்து உடைந்தது.

"பல்லு விழுந்த கத்தி இந்த ஊர்ல ஆயிரம் இருக்கும் அண்ணி" என்று நானே அவசரமாகச் சேர்த்தேன். "எவனாவது திருஷ்டி கழிச்சிருப்பான்."

"குங்குமம் இல்லன்னியே."

"இல்லதான்."

கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்துக் கலைந்திருந்த பொட்டைச் சரி செய்தாள். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

"எந்த இடம்னு காட்டு" என்றாள்.

நான் ரைட்டருக்குப் போன் செய்து, அது எங்கள் கத்தி இல்லை என்று சொன்னேன். நாளைக்கு வந்து எழுதிக் கொடுங்கள் என்றார். சாயங்கால வெயில் மலையின் பாதி உயரத்தில் நின்றது. பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருந்ததால் பாதையில் கூட்டம் இல்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த சாமியார்கள் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அண்ணி எனக்கு முன்னால் நடந்தாள். மலையை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என்னை மாதிரியே குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.